மூன்று தரம் குடிக்க வைத்த தண்ணீர்

ஞானசேகரத்துக்கு அரியண்டம் கூட, எதைக் கண்டாலும் அருவருப்பு. எங்கள் கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. வெளியில் தேநீர் கொடுத்தால் கோப்பையின் விளிம்பைப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கமாட்டார். சந்தையில் மீன்கடைகளைக் கடக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். இப்படிப்பட்ட மனிதருக்கு இத்தாலியில், பலேர்மோ நகரத்தில் வாய்த்த வேலை, மற்றவர்களுடைய மாடிப்படிகளைக் கழுவுவது. இருபது வருடத்துக்கு மேலாக அதையே செய்கிறார். நாய்மூத்திரம், சிகரெட் கட்டை, யாரோ குடித்துவிட்டு எடுத்த சத்தி, எல்லாவற்றையும் அவர்தான் வழித்துத் துடைக்க வேண்டும்.

"எப்பிடி அண்ணை செய்யிறியள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மூக்கை வீட்டிலை கழட்டி வைச்சிட்டுத்தான் போறனான்," என்றார்.

மகள் கேசிகா படிப்புக்காக பொலோஞ்ஞாவுக்குப் போன வருடம் அவர் ஒரு பழைய ஹொண்டா மோட்டார்சைக்கிள் வாங்கினார். வீடு வெறிச்சோடிப் போனதுதான் காரணம் என்று அவருடைய மனைவி வதனி சொன்னா. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே முற்றத்தில் குந்தியிருந்து, பழைய பல்தூரிகையால் சில்லுக் கம்பிகளைத் தேய்ப்பார். அந்த மோட்டார்சைக்கிளில் ஒரு பொட்டு ஊத்தையை நான் கண்டதில்லை.

அவரோடு மோட்டார்சைக்கிள் ஓடித் திரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் றெஜி, துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குபவர். பலேர்மோவுக்கு வந்த புதிதில் ஞானசேகரத்தோடு ஒரே அறையில் படுத்தெழும்பியவர். மற்றவன் கொட்வின், வயதில் இளையவன், ஸ்ரேசனடியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான். கடையைவிட அவனுக்குப் பெரியது அவனுடைய யூரியூப் சனல். எங்கே போனாலும் ஹெல்மெற்றில் ஒரு கமரா, கையில் இன்னொன்று.

மழை பொய்த்த கோடை அது. ஓகஸ்ற் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் தீவின் உட்பகுதிக்குப் போனார்கள். "சிசிலியிலை ஒரு பாலைவனம்" என்று தலைப்புக்கூட கொட்வின் முதலே யோசித்து வைத்திருந்தான்.

பாலைவனம் என்று அவன் சொன்னது பெரிய பொய்யும் அல்ல. கடலைவிட்டு ஒரு மணித்தியாலம் உள்ளே ஓடினால் மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கோதுமை வெட்டி முடித்து, மிஞ்சிய கட்டைகளுக்கு நெருப்பு வைத்து, மலை மலையாகக் கறுத்துக் கிடக்கும் நிலம். கறுக்காத இடமெல்லாம் எலும்பு நிறம். கைவிட்ட கந்தகச் சுரங்கங்களின் பக்கமாகப் போனால் கூழ்முட்டை மணம். ஆபிரிக்கப் பக்கமிருந்து வீசும் காற்று அடுப்பு வாயைத் திறந்ததுபோல முகத்தில் அடித்தது. ஆனாலும் முதல் ஒரு மணித்தியாலம் தனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது என்றுதான் ஞானசேகரம் சொன்னார். ஆளில்லாத தெரு, வளைந்து வளைந்து போகும் இறக்கம், முன்னாலே றெஜியின் முதுகு. வேறு என்ன வேண்டும்?

அந்தச் சந்தோஷம், வற்றிப்போன ஒரு நீர்த்தேக்கத்தடியில் முடிந்தது. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு சேற்றுக்குட்டை. அதில் மீன்கள் வயிறு மேலாகக் கிடந்தன. சில இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடின. கொட்வின் சப்பாத்தோடு இறங்கிப் போய், ஒன்றை வாலில் பிடித்துத் தூக்கி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சிரித்துப் படம் எடுத்தான். பிறகு அதைச் சேற்றில் எறிந்துவிட்டு, கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு வந்து, வதனி கட்டிக் கொடுத்த கட்லட் பெட்டிக்குள் அதே கையை விட்டான்.

ஞானசேகரம் பெட்டியை அப்படியே அவனிடம் கொடுத்துவிட்டார்.

"ஏன் அண்ணை, பசிக்கேல்லையோ?"

"இல்லை. நீ சாப்பிடு."

குடித்து முடித்த போத்தல்களையும் பெட்டியையும் அவன் வெடித்த தரையிலேயே போட்டுவிட்டு எழும்பினான். ஞானசேகரம் அவற்றைப் பொறுக்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "படிக்கட்டுக் கூட்டிறவர் இஞ்சையும் தொடங்கிட்டார்," என்றான் கொட்வின். றெஜி சிரித்தார்.

அதற்குப் பிறகு கல்லும் புழுதியுமான ஒரு பாதையில் இறங்கி வழி தவறிப் போனார்கள். பாதை போய் முடிந்த இடத்தில் தகரம் போட்ட ஒரு கொட்டில். அதன் நிழலில் ஒன்றன் வயிற்றுக்குள் ஒன்று தலையைச் செருகி நிற்கும் செம்மறி ஆடுகள். சத்தம் கேட்டு ஒரு கறுப்பு இளைஞன் வெளியே ஓடி வந்தான். பெயர் லமின். ஆபிரிக்காவில் கம்பியா நாட்டிலிருந்து வந்தவன். ஆடு மேய்க்கவென்று ஒரு முதலாளி அவனை அங்கே விட்டிருந்தான். உதடு வெடித்து ஓரத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. இவர்கள் ஹெல்மெற்றைக் கழற்றுவதற்கு முன்பே இத்தாலிய மொழியில் கேட்டான்.

"அண்ணன்மாரே, தண்ணி இருக்கோ?"

ஞானசேகரம் பைக்குள் கையை விட்டார். கொட்வின் அவருடைய கையைப் பிடித்தான்.

"பொறுங்கோ அண்ணை. கமராவைப் போடுறன்."

அவன் தன் போத்தலை எடுத்தான். றெஜியிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினான். லமினிடம், "நீ அந்தக் கல்லிலை இரு. நான் நடந்து வந்து தருவன்," என்றான். லமின் போய் இருந்தான். கொட்வின் மெதுவாக நடந்து வந்து, முழங்காலில் நின்று போத்தலைக் கொடுத்தான். லமின் இரண்டு மிடறு விழுங்கியதும் கொட்வின் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டான்.

"வெய்யில் பின்னாலை அடிக்குது. முகம் தெரியேல்லை. இன்னொருக்கால்."

இரண்டாம் தரம் லமின் குடித்தான். குடித்ததும் போத்தல் போய்விட்டது.

"நல்லாயிருக்கு. ஆனா நன்றி சொல்லேல்லை. கமராவைப் பாத்து 'கிராட்சியே' எண்டு சொல்லச் சொல்லுங்கோ. அழுதாலும் பரவாயில்லை."

மூன்றாம் தரம் லமின் கமராவைப் பார்த்து 'கிராட்சியே' சொல்லிவிட்டு, அவசரமாக விழுங்கப் போய்ப் புரைக்கேறி, தண்ணீர் மூக்காலும் வாயாலும் வந்து சட்டையில் வழிந்தது. றெஜி சிரித்தார். படம் ஆடிவிட்டது என்று கொட்வின் அவரை ஏசினான்.

"அந்த நேரம்தான் எனக்கு அரியண்டம் வந்தது," என்று ஞானசேகரம் பிறகு என்னிடம் சொன்னார். "செத்த மீனைப் பாத்துக்கூட அப்பிடி வரேல்லை. நான் ஏன் முதல்தரமே தட்டிப் பறிக்கேல்லை எண்டு இப்பவும் யோசிக்கிறன்."

நான்காம் தரத்துக்குக் கொட்வின் கையைத் தூக்கியபோது அவர் போய் லமினுக்கு முன்னால் நின்றுகொண்டார். தன் பையிலிருந்த போத்தல் இரண்டையும் அவனுடைய மடியில் வைத்தார்.

"ஆறுதலாக் குடி. ஒருத்தரும் பறிக்கமாட்டினம்," என்றார். பிறகு கேட்டார்: "மற்ற நாளிலை என்னத்தைக் குடிக்கிறாய்?"

லமின் கொட்டிலுக்குப் பின்னால் காட்டினான். நீலநிறப் பிளாஸ்ரிக் தாங்கி ஒன்று. முதலாளி பவுசர் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்புவானாம். ஒரு கிழமைக்கு மேலாக வரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. ஞானசேகரம் மூடியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் முழங்கால் அளவுக்குப் பச்சைத் தண்ணீர். அதில் இரண்டு புறாக்கள் ஊதி மிதந்தன. இறகு கழன்று தண்ணீர் முழுக்கப் பரவியிருந்தது. மணம் முகத்தில் அடித்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சத்தி எடுத்தார்.

"துணியாலை வடிச்சுக் குடிக்கிறனான்," என்றான் லமின். சாதாரணமாகத்தான் சொன்னான்.

கொட்வின் கமராவோடு ஓடி வந்தான். "விலகுங்கோ அண்ணை, இதுதான் முக்கியமான சொட். மூடியை இன்னொருக்கால் திறவுங்கோ."

ஞானசேகரம் கமராக் கண்ணைக் கையால் பொத்தினார். "போதும். ஒரு மனுசனை நாய்க்குப் பிஸ்கற் காட்டிற மாதிரி ஆட்டிவிட்டது போதும்."

"விசரே உங்களுக்கு? சனம் பாத்தால்தானே உதவி வரும்!"

"நீ நிக்கிறாய்தானே இஞ்சை? நீ செய்யன் உதவி. அந்தப் புறாவைத் தூக்கி வெளியிலை போடு, பாப்பம்."

கொட்வின் தாங்கியைப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான். "எனக்கு உது ஏலாது அண்ணை," என்றான்.

றெஜி சமாதானம் செய்ய வந்தார். "மச்சான், இருட்டிறதுக்கு முதல் போய்ச் சேரவேணும். வா, போவம். வழியிலை பொலிசுக்குச் சொல்லுவம்."

"நீங்கள் போங்கோ. நான் பிறகு வாறன்."

இரண்டு மோட்டார்சைக்கிள்களும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. றெஜியும் போனதுதான் ஞானசேகரத்துக்குத் தாங்கவில்லை.

புறாக்களை அவர்தான் எடுத்தார். ஒன்று கையோடு பிய்ந்து வந்தது. தாங்கியைச் சரித்துத் தண்ணீரை ஊற்றி, மண்ணும் காய்ந்த புல்லும் போட்டு, அரையுடல் உள்ளே புகுந்து தேய்த்தார். நடுவில் இன்னும் இரண்டு தரம் வெளியே வந்து குனிய வேண்டியிருந்தது. வயிற்றில் எடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பிறகு கொட்டிலில் கிடந்த வெறும் தண்ணீர்க் கான்களை மோட்டார்சைக்கிளின் இரண்டு பக்கமும் கயிற்றால் கட்டி, லமின் சொன்ன திசையில் ஓடி, ஆடுகளை விட்டுவிட்டு அவனால் நடந்து போய்வர முடியாத தூரத்திலிருந்த கிராமத்துப் பொதுக்குழாயைத் தேடிப் பிடித்தார். அங்கும் தண்ணீர் நூல்போலத்தான் வந்தது. கான் நிரம்பும்வரை வெய்யிலில் நின்றார். திரும்பும் பாதையில் கல்லில் ஏறி இரண்டு முறை விழப் பார்த்தார். தாங்கியில் ஓரளவு தண்ணீர் சேரும்வரை போய்ப் போய் வந்தார். அந்திப்படத் தன்னுடைய இலக்கத்தை லமினின் தொலைபேசியில் பதிந்து கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். வழியில் கராபினியேரிப் பொலிஸ் நிலையம் ஒன்றில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். அங்கே நின்றவர் எழுதிக்கொண்டார். அதற்குமேல் ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்த வதனி மூக்கைப் பொத்திக்கொண்டு, "எங்கை விழுந்தனியள்?" என்று கேட்டா. அவர் நேரே குளியலறைக்குள் போனார். குழாய்ச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்டுக்கொண்டேயிருந்தது.

கொட்வினின் படம் அதே கிழமையில் வந்தது. சோகமான இசை, மெதுவாக ஓடும் காட்சிகள், முழங்காலில் நின்று தண்ணீர் கொடுக்கும் கொட்வின், நன்றி சொல்லும் லமின். புரைக்கேறியதை வெட்டியிருந்தான். கனடா, லண்டன், யாழ்ப்பாணம் என்று எல்லா இடமும் போனது அது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஞானசேகரத்தைக் கண்டவர்களெல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். படத்தின் கடைசியில் அவருடைய பெயரையும் போட்டிருந்தானாம்.

அன்னதானப் பந்தியில் கோபாலசிங்கம் ஐயா, கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், "நீங்கள் மூண்டு பேரும் எங்கடை ஆக்களுக்கு நல்ல பேர் வாங்கித் தந்திட்டியள்," என்றார். ஞானசேகரம் பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"ஐயா, அந்தப் பெடியனை மூண்டு தரம் குடிக்கப் பண்ணினாங்கள். குடுத்துக் குடுத்துப் பறிச்சவங்கள். அவன் புறா செத்த தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தவன். அதைத் தொட ஒருத்தனுக்கும் மனம் வரேல்லை."

பந்தி முழுவதும் கேட்கும்படிதான் சொன்னார். கோபாலசிங்கம் ஐயா குரலைத் தணித்து, "சாப்பிடுற இடத்திலை உந்தக் கதை வேண்டாம் தம்பி. எண்டாலும் தண்ணி குடுத்தவங்கள்தானே," என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஞானசேகரம் இலையை மடித்துவிட்டு எழும்பினார். அதற்குப் பிறகு கன நாள் அவர் கோயில் பக்கம் போகவில்லை.

படத்தை லமினின் முதலாளியும் பார்த்தான். யாரோ காட்டியிருக்கிறார்கள். தன்னுடைய கொட்டிலும் தாங்கியும் பின்னால் தெரிந்ததைக் கண்டு, தன்னை ஊருக்கு முன்னால் கேவலப்படுத்திவிட்டான் என்று சொல்லி, லமினின் உடுப்புப் பையைத் தெருவில் எறிந்தான். லமின் ஞானசேகரத்துக்கு அழைத்தபோது அவர் ஒரு கட்டிடத்தின் நான்காம் மாடிப்படியில் நின்றாராம். வாளியை அப்படியே விட்டுவிட்டு, கீழே இறங்கி, மோட்டார்சைக்கிளை எடுத்தார். பிற்பகல் லமினைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

கேசிகாவின் அறையில் லமின் சில கிழமைகள் படுத்தான். முதல் நாள் வதனி முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இரண்டாம் நாள் அவன் சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி, குசினி அடுப்பையும் துடைத்து வைத்ததைக் கண்டு, "இவன் உங்களிலும் துப்பரவு," என்றா. ஞானசேகரம் படி கழுவும் ஒரு கட்டிடத்தில் குடியிருக்கும் இத்தாலியச் சின்யோராவின் தம்பிக்கு, நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டம் இருந்தது. அந்த அம்மாவிடம் போய்ப் பேசினார். ஆளைப் பார்த்துவிட்டுத் தம்பியார் வேலைக்கு எடுத்தார். தோட்டத்திலேயே ஒரு அறை, பைப்பில் தண்ணீர்.

தை மாதம், மண்டரின் பழுக்கிற காலம், கொட்வின் தொலைபேசி எடுத்தான். இடையில் ஒரு மன்னிப்பும் இல்லை, கதையும் இல்லை.

"சேகரண்ணை, அந்தக் கறுவல் பெடியன் தோட்டத்திலை வேலை செய்யிறானாமே? அந்தப் படத்துக்கு இரண்டாம் பகுதி ஒண்டு எடுப்பம். பழம் பிடுங்கிற மாதிரி. சனம் கேட்டுக்கொண்டே இருக்குது."

ஞானசேகரம் சத்தம் போடவில்லை. "கொட்வின், நான் எத்தினையோ ஊத்தை கழுவினவன். உன்னைத் தொட என்னாலை ஏலாது," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். கொட்வின் அதையும் பதிந்து வைத்திருந்து நாலு பேருக்குப் போட்டுக் காட்டினானாம்.

றெஜி மட்டும் ஒருநாள் மாலை வந்தார். வாசலிலேயே நின்றார். "மச்சான், நான் அண்டைக்குச் சிரிச்சிருக்கக் கூடாது," என்றார். ஞானசேகரம் அவரை உள்ளே கூப்பிட்டார், தேநீர் கொடுத்தார், மகளைப் பற்றிக் கதைத்தார். சேர்ந்து மோட்டார்சைக்கிள் ஓடப் போவது பற்றி இரண்டு பேரும் கதை எடுக்கவில்லை. இன்றுவரை அவர்கள் சேர்ந்து ஓடவும் இல்லை.

இதை எழுதட்டோ என்று நான் கேட்டேன். "என்னட்டை ஏன் கேக்கிறாய்? அவனிட்டைக் கேட்டுச் சொல்லுறன்," என்றார். அடுத்த ஞாயிறு சியாகுல்லிக்குப் போய்விட்டு வந்து, படியில் என்னைக் கண்டு நிறுத்தினார்.

"எழுதட்டாம். படம் மட்டும் போடவேண்டாமாம்."