நோர்வே நடிகருக்குக் கோட் பிடிச்ச காலம்

மேடைக்குப் பின்னால உடுப்பு மாட்டிவிடுறவனுக்கு ஒருத்தரும் கைதட்டமாட்டினம். நடிகரின்ர பட்டன் ஒண்டு கழண்டால் மட்டும் முழுத் தியேட்டருக்கும் அவன்ர பேர் தெரியும். பகலில கொலிஜ், பின்னேரம் பெற்றோல் ஷெட், கடை எண்டு லண்டனில படிச்ச ஆக்களுக்கு இந்த எரிச்சலை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தொண்ணூறாம் ஆண்டுப் பக்கம் எனக்குக் கிடைச்சது ஒரு நாடகத் தியேட்டரில உடுப்பு மாட்டிவிடுற வேலை. என்ர பொறுப்பில விட்ட ஆள் நோர்வேயில இருந்து வந்த நடிகர், அறுபது வயசு இருக்கும். அவற்ற ஊரில பெரிய புள்ளியாம். இங்க ஒரு நாய்க்கும் அவரைத் தெரியாது.

வேலையில்லாத வேலை

முதல் நாள் கோட்டை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். மனுசன் என்ர கையில இருந்து வாங்கித் தானே போட்டார். சப்பாத்தும் தானே. எனக்குக் கோவம் ஏறீட்டுது. "எல்லாத்தையும் நீங்களே செய்தால் என்னை ஏன் வச்சிருக்கினம்? நான் என்ன கோட் கொழுவுற ஆணியே?" எண்டு கேட்டன். அந்தாள் கண்ணாடியில என்னை வடிவாப் பாத்தார்.

"மேடைக்குப் போக முந்தி ஆரோடையாவது சண்டை பிடிச்சால்தான் எனக்குக் குரல் நல்லா வரும். நாளைக்கும் வா."

மீன் கொட்டில்

என்ர வாய் சும்மா கிடக்குமே? "உங்கட ஊரில பனிக்கரடியளோ நாடகம் பாக்கிறது?" எண்டு சீண்டினன். அவர் நடிக்கத் தொடங்கினது வடக்கு நோர்வேயிலயாம். சீன் திரையளையும் உடுப்பையும் வள்ளத்தில ஏத்திக்கொண்டு, கரை கரையா இறங்கி நடிக்கிற ஒரு கூட்டம். மண்டபம் இல்லாத ஊரில மீன் உப்புப் போடுற கொட்டில்தான் மேடை.

ஒருநாள் இவர் சாகிற காட்சி. சீமெந்து நிலம், ஈரம், குளிர். செத்துக் கிடக்கிறார். முன்வரிசையில இருந்த ஒரு மனுசி எழும்பி வந்து, தன்ர கம்பளிச் சால்வையால அவரைப் போத்திவிட்டிட்டுப் போய் இருந்தாவாம். "புளுகாதேங்கோ! அவர் செத்திட்டார் எண்டு அவவுக்கு விளங்கேல்லையோ?" எண்டன்.

"நல்லா விளங்கினது. செத்தாலும் குளிரும்தானே எண்டு சொல்லிப்போட்டுத்தான் போத்தினவ."

 

உச்சரிப்பு

இங்க அவருக்கு ஒரு தகப்பன் வேசம். மகன் கடலுக்குப் போயிருக்கிறான். நாடகம் தொடங்கி முதல் கிழமையிலயே தியேட்டர் மனேச்சருக்கு அவற்ற இங்கிலீஸ் பிடிக்கேல்லை, சனத்துக்கு விளங்கேல்லையாம். வியாழக்கிழமை தியேட்டர் முதலாளியள் வந்து இருந்து கேப்பினம். பிடிக்காட்டி அவரை வீட்டுக்கு அனுப்பிப்போட்டு, தயாரா வச்சிருக்கிற இங்கிலீஸ்காரனை ஏத்துவினம். அறைக்குள்ள அந்தப் பெரிய நடிகர் ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சின்னப்பிள்ளை மாதிரிச் சொல்லிப் பாத்தார். 

மனேச்சரை வாசலில மறிச்சன். "பஸ் ஓட்டுறவருக்கு ஒரு உச்சரிப்பு, ஊசி போடுற டொக்டருக்கு ஒரு உச்சரிப்பு. இந்த ஊர் முழுக்க அப்பிடித்தான் ஓடுது. ஒரு தகப்பன் அழுறதுக்கு மட்டும் உங்கட உச்சரிப்பு வேணுமோ?" அந்தாள் மணிக்கூட்டைப் பாத்தார்.

"முடிஞ்சுதோ? போய் அவற்ற சொக்ஸ் காய்ஞ்சிட்டுதோ எண்டு பார்."

அண்ணை

புதன்கிழமை ஓசி டிக்கெட் ஒண்டு கிடைச்சது. வால்தம்ஸ்டோவில பெற்றோல் ஷெட்டில நிக்கிற என்ர அண்ணையைக் கூப்பிட்டன். உள்ளுக்கு ஹீற்றர் போடுவினமோ எண்டு கேட்டுப்போட்டுத்தான் வந்தவர். குறட்டை விடுவார் எண்டு நான் பயந்துகொண்டு நிண்டன். முடிஞ்சு பஸ் ஸ்டொப்புக்கு நடந்தம். "என்ன அண்ணை, விளங்கினதோ?" எண்டு கேட்டன்.

"கதைச்சதில அரைவாசி விளங்கேல்லையடா. ஆனா அவர் கதவைப் பாத்த பார்வையிலேயே தெரிஞ்சிட்டுது, அந்தப் பிள்ளை வராது."

வியாழக்கிழமை

முதலாளியள் வந்து இருந்திட்டினம். தகப்பன் மேசையில இருந்து உருளைக்கிழங்கு சீவுறார். ஒரு ஆள் கதவைத் திறந்து வந்து, மகன் கடலில செத்துப்போனான் எண்டு சொல்லவேணும். அண்டைக்கெண்டு கதவு இறுகீட்டுது. பின்னால நாங்கள் சத்தம் போடாமல் இழுக்கிறம், அசையேல்லை. அவருக்கு அங்க ஒரு வசனமும் இல்லை.

ஒரு கிழங்கு சீவினார். கதவைப் பாத்தார். அடுத்ததை இன்னும் மெதுவாச் சீவினார். நல்ல பெரிசு ஒண்டை எடுத்து, சீவாமல், முன்னால ஆளில்லாத கதிரைப் பக்கம் தள்ளி வச்சார். கனநேரம் அதையே பாத்தார். பிறகு கையை நீட்டி எடுத்து அதையும் சீவத் தொடங்கினார். சபையில ஒரு இருமல் இல்லை. நான் கதவை விட்டிட்டு இடுக்கால பாத்துக்கொண்டு நிண்டன். எதிர்ப்பக்கத்தில மனேச்சர் வாயைத் திறந்தபடி நிண்டார்.

கதவு திறந்து அந்த ஆள் வர முந்தியே சபையில ஆரோ விம்மிப்போட்டினம். முதலாளியள் உச்சரிப்பைப் பற்றிக் கதைக்கவேயில்லை. கடைசி நாள் மட்டும் அவர்தான் நடிச்சவர். அறைக்குள்ள வந்த உடன நான் கேட்டன்: "அந்த நேரம் என்ன நினைச்சனீங்கள்? மகனையோ? கடலையோ?" அவர் துவாயில கையைத் துடைச்சார்.

"கிழங்கு முடியப்போகுது, இனி என்னத்தைச் சீவுறது எண்டு நினைச்சன்."

கண்ட ஆக்களையெல்லாம் வாயால வெண்டு திரிஞ்ச நான், அண்டைக்கு மேடையில வாயே திறக்காத ஒரு மனுசனிட்டத் தோத்துப்போனன். அதுக்குக் கிழமைக்குக் கிழமை சம்பளமும் தந்தவங்கள்.