யோகனின் முழங்காலும் என் கிற்றார்ப் பெட்டியும்

மேடையில் கிற்றார் வாசிப்பவருக்கு வாசிக்கும் நேரம் கொஞ்சம், தூக்கும் நேரம் அதிகம். ஒலிப்பெட்டியோடு பஸ் ஏறி நடத்துநரிடம் ஏச்சு வாங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கிற்றாரின் சத்தத்தைப் பெரிதாக்கும் அம்ப்பை நாங்கள் சுருக்கமாகப் 'பெட்டி' என்போம். என்னுடையது இரு பக்கமும் பிடி வைத்த, நெல் மூட்டைப் பாரமுள்ள பெட்டி. ஒரு பிடி எனக்கு, மற்றது எங்கள் குழுவின் ட்ரம்ஸ்காரன் யோகனுக்கு.

பின்பலகை

சண்டைக் காலத்தில் வாவியைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரைக் கோயில்களுக்கு வாசிக்கப் போவோம். கடப்பது 'பாதை'யில், ஆளையும் சைக்கிளையும் ஏற்றிச் செல்லும் தட்டையான ஓடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். துறையில் ஆமிக்காரரின் சோதனை நடக்கும். கிற்றாரைத் தட்டிப் பார்த்து விட்டுவிடுவார்கள். பெட்டியை விடமாட்டார்கள், பின்பலகையைக் கழற்றிக் காட்ட வேண்டும். ஆகவே மற்றவர்கள் எழுதும் பேனை வைக்கும் சட்டைப் பையில் நான் ஸ்குறூ ட்ரைவர் வைத்திருப்பேன்.

ஒரு நாள் தூறல். யோகன் தன் சட்டையைக் கழற்றிப் பெட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஆமிக்காரர் குனிந்து, டோர்ச் அடித்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒரு ஸ்பீக்கர், மேலே ஓர் இரும்புத் தட்டு, கொஞ்சம் வயர், மிச்சம் காற்று. மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற எங்களைப் பார்த்து, தம்பி என்பதைச் சிங்களத்தில் 'மல்லி' என்று தொடங்கி, மிச்சத்தைத் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "மல்லி, உள்ளுக்கு ஒண்டும் இல்லைதானே, ஏன் இவ்வளவு பாரம்?"

முழங்கால்

வீட்டருகே ஷெல் விழுந்த நாளிலிருந்து யோகனுக்கு ஒரு காது கேளாது, மற்றது அரைவாசி. கீபோட் வாசித்துக் குழுவை நடத்திய யூட் அண்ணனுக்கு அது தெரியும். தாளம் பிசகாதவரை அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

தாளம் பிசகாததற்குக் காரணம் என் பெட்டி. யோகன் அதைத் தன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, முழங்காலை அதன்மேல் அழுத்திக்கொண்டுதான் வாசிப்பான். ஒரு கலியாண வீட்டில், பூ அலங்காரத்தை மறைக்கிறது, பெட்டியை அப்பால் வையுங்கள் என்றார் பெண்ணின் தகப்பன். யோகன் குச்சிகளைக் கீழே வைத்தான். "ஐயா, கிற்றார நான் கேக்கிறது முழங்காலால. பெட்டிய எடுத்தா என்னையும் எடுக்கணும்."

கடலும் பெட்டியும்

நத்தார், அதாவது கிறிஸ்மஸ், இரவு வாசித்துவிட்டு, களைப்பில் பெட்டியை யூட் அண்ணனின் கடற்கரையோரக் கல்லடி வீட்டில் விட்டு வந்தோம். அடுத்த நாள் காலை கடல் ஊருக்குள் வந்தது. அண்ணன் தன் மனைவி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பாலத்தடிக்கு ஓடித் தப்பினார். அந்தத் தெருவில் எல்லாரும் தப்பவில்லை. பாட்டுக்காரரை யாரும் தேடாத மாதங்கள் அவை.

வீட்டில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது. கீபோட் கிடைக்கவேயில்லை. பெட்டியோ கிணற்றுக் கட்டில் சாய்ந்து, வீட்டிலிருந்து சில முழம் தள்ளிக் கிடந்தது. பிறகு அதன் மண்ணைக் கொட்டி, நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, கெட்டுப்போன பகுதிகளை மாற்றினோம். பாடியது; ஆனால் சளிக்காரனைப் போல் தடிமன் பிடித்த குரலில். பெட்டியைக் கண்ட அன்று அண்ணன் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்புமாக அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பாத்தியா மனே, கடலாலயும் இதத் தூக்க ஏலாமப் போயித்து."

சவர்க்காரப் பெட்டி அளவில்

தடிமன் குரலோடு சில வருடம் ஓட்டினோம். பிறகு, எங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்குத் தரும் காத்தான்குடி நஸார் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் 'நானா' என்போம்) ஒரு சாமானைக் காட்டினார். கட்டார் நாட்டில் வேலை செய்யும் அவருடைய தம்பி கொண்டுவந்தது. சோப்பு வைக்கும் சவர்க்காரப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. ப்ரீஅம்ப் பெடல் என்றார். கிற்றாரை அதில் செருகி, அதிலிருந்து நேராக நானாவின் மிக்ஸருக்கு வயர் கொடுத்தால் போதும். பெட்டியின் குரலை அதுவே உண்டாக்கும். சத்தம் சனங்களுக்கு முன்னாலுள்ள பெரிய ஸ்பீக்கரில் வரும். வாங்கி, பைக்குள் போட்டு, வந்தாறுமூலைக் கோயில் திருவிழாவுக்குக் கைவீசிக்கொண்டு போனேன்.

முன்னால் இருந்தவர்களுக்குக் கிற்றார் அவ்வளவு தெளிவாம். மேடையில் யோகனின் முழங்காலருகே வெறும் பலகை. இரண்டாம் பாட்டில் பின்தங்கினான், மூன்றாவதில் முந்தினான். என் கையையே பார்த்து அடித்தான். நான் சனங்கள் பக்கம் திரும்பியதும் அதுவும் போயிற்று. முடிந்ததும் யூட் அண்ணன் மெதுவாகச் சொன்னார், அடுத்த திருவிழாவிலும் இப்படியென்றால் தாளத்தைப் புதுக் கீபோட்டிலேயே போட்டுவிடலாம் என்று. யோகன் குச்சிகளைத் துடைத்தான். அந்த நேரம் பார்த்துக் கோயில் தலைவரான வண்ணக்கர் மேடைக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் மேடையிலுள்ள பெட்டிகளை எண்ணித்தான் குழுவை மதிப்பார்கள். அவர் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கிற்றாருக்குப் பெட்டி எங்க தம்பி? ஒரு ஆளக் குறைச்சுக் கூட்டி வந்திட்டீங்களோ?"

மறுபடி பாதையில்

அடுத்த திருவிழா, சண்டை முடிந்த வருடம், படுவான்கரையில். பாதைக்குக் காத்து நான் பையோடு துறையில் நின்றேன். யோகன் சைக்கிள் கரியரில் என் பழைய பெட்டியைக் கட்டி உருட்டிக்கொண்டு வந்தான். என் மனைவியிடம் கேட்டு எடுத்தானாம். கோயிலுக்குப் போனதும் நேரே நஸார் நானாவிடம் போனான். "நானா, கிற்றார் சத்தத்த மட்டும் இதுக்குள்ள விட ஏலுமா?" நானா மிக்ஸரிலிருந்து தனி வயர் இழுத்துக் கொடுத்தார். பெட்டி அதே தடிமன் குரலில் இருமியது. "கரகரக்குதே தம்பி!" என்றார் நானா. "முழங்காலுக்கு என்ன நானா கரகரப்பு?" என்று யோகன் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

முதல் பாட்டில் யூட் அண்ணன் ஒவ்வொரு அடிக்கும் திரும்பிப் பார்த்தார். இரண்டாவதில் இடைக்கிடை பார்த்தார். மூன்றாவதில் திரும்பவேயில்லை. யோகன் எனக்குக் கண் காட்டிவிட்டு இன்னும் பலமாக அடித்தான்.

காலையில் திரும்பும்போது எங்கள் பக்கமான எழுவான்கரைத் துறையில் ஆமிக்காரர் போகச் சொல்லிக் கையசைத்தார். நானோ பழக்கத்தில் சட்டைப் பையைத் தடவினேன். ஸ்குறூ ட்ரைவர் அங்கேதான் இருந்தது. கரையில் சேறு, சைக்கிள் உருளாது. யோகன் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்: "என்னடா பாத்துக்கு நிக்கிறாய்? மற்றப் பிடி உன்டதானே!"

பாரம் குறையட்டும் என்றுதான் பெடல் வாங்கினேன். அன்றிலிருந்து பெடலையும் பெட்டியையும் சேர்த்தே தூக்குகிறேன்.