நாற்பதில் சேராத ஞாயிறுகள்

என் அம்மா சகாயமேரி ஒரே இடத்தில் நான்கு மணி நேரம் அசையாமல் உட்காருவாள். கையில் தூண்டில் இருக்க வேண்டும், எதிரில் தண்ணீர் இருக்க வேண்டும். பல ஊர்களில் வேலை பார்த்து, ரயிலிலும் பேருந்திலும் பாதி வயதைக் கழித்துவிட்டு இப்போதுதான் ஆவடிக்குத் திரும்பியிருக்கிறேன். அவளைப் போல உட்காரத் தெரிந்த இன்னொருவரை நான் எங்கும் பார்க்கவில்லை. அந்தக் குணத்தில் ஒரு துளிகூட எனக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்.

வாரத்தில் ஆறு நாள் அவள் ராணுவத்துக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். ஞாயிறு காலை முதல் பூசை முடிந்ததும் சேக்காடு ஏரிக்கரை. பிறந்தது அம்பத்தூர் ஏரியை ஒட்டிய கள்ளிக்குப்பத்தில். மூன்று அண்ணன்மார்கள் புழு டப்பாவைப் பிடித்துக்கொள்ள அவளை அழைத்துப் போனார்களாம். இரண்டு வருடத்தில் டப்பா அண்ணன்மார் கைக்கும் தூண்டில் அவள் கைக்கும் மாறிவிட்டது.

அப்பா அருள்தாஸ் திண்டுக்கல் பக்கத்துக்காரர், இன்னொரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருக்கு மீன் குழம்பு பிடிக்கும், மீன் பிடிக்கத் தெரியாது. அவருடைய உலகம் குவார்ட்டர்ஸ் பின்பக்கத்துத் தோட்டம். இருபதடி நீளம், பதினைந்தடி அகலம். அதற்குள் தக்காளி, கத்தரி, அவரைப் பந்தல், துணி துவைக்கும் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் வாழை, மூலையில் ஒரு ஒட்டு மா. அம்மாவுக்குத் தேவையான புழுக்கள் அந்த மண்ணில்தான் இருந்தன. எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி மண்புழுவைப் பற்றியவைதான்.

"எத்தனை எடுத்த?" என்பார் அப்பா, கத்தரிச் செடிகளுக்கு நடுவே நிமிர்ந்து.

"இருவதுங்க."

"டப்பாவைத் திற."

"இன்னாங்க செக்கிங்கு? ஃபேக்டரி கேட்ல கூட இப்டிப் பாக்க மாட்டான்."

"புழு போச்சுன்னா மண்ணு செத்துப் போகும் மேரி. வாழைக்குக் கீழ மட்டும் எடுன்னு எத்தனை தடவை சொல்றது?"

ஏரியில் செலவாகாமல் மிஞ்சிய புழுக்களை மாலையில் உயிரோடு மண்ணில் விட வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். அவள் விடுவாள், அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எண்பத்தெட்டாம் வருடம், தவக்காலம் தொடங்கியது. சாம்பல் புதன் அன்று எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் பிடித்த ஒன்றை ஈஸ்டர் வரைக்கும் விட்டுவிடுவோம் என்று துண்டுக் காகிதத்தில் எழுதி, மாதா படத்துக்குக் கீழே வைப்போம். அந்த வருடம் பங்குச் சாமியார் ஒரு புது யோசனை சொன்னார். நாமே எழுதினால் சுலபமானதைத்தான் எழுதுவோம், அதனால் வீட்டில் மற்றவர் உங்களுக்காக எழுதட்டும் என்றார். அப்பா எனக்கு எழுதினார்: தேன் மிட்டாய். அம்மா அப்பாவுக்கு எழுதினாள்: புழுவை எண்ணக் கூடாது. அம்மாவுக்கு எழுதும் முறை எனக்கு வந்தது.

ஏரிக்கரையில் ஞாயிறுதோறும் பேசாமல் உட்கார்ந்து எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது. யோசிக்கவே இல்லை. 'அம்மா தூண்டிலைத் தொடக் கூடாது' என்று எழுதினேன்.

அம்மா படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். நெற்றியில் சாம்பல் சிலுவை அப்படியே இருந்தது.

"சரி, நேர்ந்தாச்சு" என்றாள். அப்புறம் என்னிடம் மெதுவாக, "மதகாண்ட ஒரு விரால் கீதுடி. பொங்கல்லர்ந்து பாத்துகினு வரேன்" என்றாள்.

அந்த விராலைப் பற்றி எனக்கும் தெரியும். மூச்சு வாங்க மேலே வரும்போது தண்ணீர் ஒரு குடம் அமிழ்ந்த மாதிரிச் சத்தம் போடும். மாசி வெயிலில் ஏரி சுருங்கச் சுருங்க, மதகுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் அது ஒதுங்கியிருந்தது. ஏரியை ஏலம் எடுத்தவர்கள், ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் வலை இறக்கப் போவதாகக் கரைக்காவலாளி சின்னசாமி சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு பள்ளத்தில் சேறுதான் மிஞ்சும். அதற்குள் அந்த விராலைத் தன் கையால் எடுக்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. ஈஸ்டர் வரை தூண்டிலைத் தொட முடியாது என்பது என் கைங்கரியம்.

என் தந்திரமும் பலிக்கவில்லை. ஞாயிறு விடுதலை கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். அம்மா தூண்டிலை அப்பா கையில் கொடுத்து, எங்கள் இருவரையும் கரைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். தூண்டிலைத் தொடக் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறது, வாயைத் திறக்கக் கூடாது என்று எழுதவில்லையே.

நான்கு ஞாயிறுகள் அவள் முந்தானைக்குள் கையைக் கட்டிக்கொண்டு வாயால் மீன் பிடித்தாள். "தக்கையப் பாருங்க. வானத்த இன்னாத்துக்குப் பாக்குறீங்க? அங்க இன்னா மீனு பறக்குதா?" அப்பா ஒவ்வொரு புழுவையும் மாட்டும் முன் அதைப் பார்த்து வருத்தப்படுவார். நான்கு வாரத்தில் அவர் பிடித்தது ஆறு கெண்டையும் ஒரு பழைய செருப்பும்.

ஐந்தாவது ஞாயிறு தக்கை ஆடவில்லை. ஒரேயடியாக உள்ளே போனது. கழி வில்லாக வளைந்தது.

"மேரி! இழுக்குது! என்ன செய்ய?"

"இழுக்காதீங்க! அது போற பக்கம் நீங்களும் போங்க! கழியத் தூக்குங்க, தூக்குங்க... ஐயோ, அவ்ளோ இல்ல!"

அப்பா பேன்ட்டோடு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார். "நீ வந்து பிடிடீ!"

"நேர்ச்சைங்க!"

"ஒரு நிமிஷம் பிடி, மாதா ஒன்னும் சொல்லாது!"

அம்மா ஒரு அடி முன்னால் வைத்தாள். முந்தானைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. கழியைத் தொட ஒரு சாண்தான். அங்கேயே நின்றுவிட்டது. விரால் ஒரு முறை மேலே புரண்டது, கறுப்பு முதுகும் வெள்ளை வயிறும் தெரிந்தன. நூல் அறுந்தது.

கரைமேலிருந்து சின்னசாமி தலையில் அடித்துக்கொண்டான். "இன்னாம்மா நீ! கை கீது, கழி கீது, மீனு கீது. புடிக்காம சாமி கும்ட்டுகினு நிக்கிறியே!"

வீட்டுக்குப் போகும் வழியில் நான் அழ ஆரம்பித்தேன். அம்மா என் தலையில் கை வைத்து, "நீ எழுதனதுதாண்டி எழுத்து. ஒருத்தி எழுதிக் குடுத்தா செய்யணும். உடு" என்றாள். ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

குருத்தோலை ஞாயிறு வந்தது. ஊர்வலம் முடிந்து, ஓலைகளோடு கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தோம். வலப்பக்கம் பெண்கள், இடப்பக்கம் ஆண்கள். சாமியார் பிரசங்கத்தில் அடுத்த வாரத்து ஒழுங்குகளைச் சொல்லிக்கொண்டே போனவர், போகிற போக்கில் ஒன்று சொன்னார். தவக்காலம் நாற்பது நாள் என்கிறோம், எண்ணிப் பார்த்தால் நாற்பத்தாறு வரும், ஏனென்றால் ஞாயிறுகள் அதில் சேராது, ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்றைக்கு ஒறுத்தல் இல்லை.

அம்மா திரும்பி, கோயிலுக்குக் குறுக்கே அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் ஓலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பூசை முடிந்ததும் சாமியாரை வாசலிலேயே பிடித்துவிட்டாள். "ஃபாதர், மெய்யாலுமே ஞாயித்துக்கெழம சேராதா?"

"சேராதும்மா. சின்னக் குழந்தைக்கும் தெரியுமே."

"எங்க ஊட்டுச் சின்னக் கொழந்தைக்குத் தெரியல ஃபாதர். அஞ்சு வாரம் முன்னாடி இத்த நீங்க சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் ஒன்றும் புரியாமல் அவளை ஆசீர்வதித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் மண்வெட்டியோடு தோட்டத்துக்குப் போனார். வாழைக்குப் போகவில்லை. தக்காளிப் பாத்தியில் வெட்டினார். காய் பிடித்து நின்ற இரண்டு செடிகள் சாய்ந்தன.

"தக்காளி வேருங்க அது!" என்று அம்மா பதறினாள்.

"கொழுத்த புழு இங்கதான் இருக்கு. எனக்குத் தெரியாதா? அஞ்சு வருஷமா உனக்குச் சொல்லாம வச்சிருந்தேன்." டப்பாவை நிரப்பி நீட்டினார். "ஐம்பத்திரெண்டு."

"எண்ணக் கூடாதுன்னு எழுதியிருக்கேன்ல?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

பத்து மணிக்கு அம்மா ஊர்வலத்துப் புடவையோடு மதகுப் பள்ளத்தின் முன் உட்கார்ந்தாள். கரை முழுவதும் ஏலக்காரர்களின் வலைகள் விரித்துக் கிடந்தன. ஒன்றரை மணி நேரம் அவள் தூண்டிலைப் போடவே இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. பிறகு ஓரிடத்தில் குடம் அமிழ்ந்த சத்தம். அது கேட்ட இடத்தில் போடாமல், அங்கிருந்து இரண்டு கை தள்ளிப் போட்டாள்.

தக்கை போனது. அம்மா எழுந்தாள், கத்தவில்லை. கழியைச் சாய்த்து, அது ஓடிய பக்கமெல்லாம் கரையோடு கூடவே நடந்தாள், ஏதோ கன்றுக்குட்டியை நடத்திப் போகிறவள் மாதிரி. மூன்று முறை போய் வந்தது. நான்காம் முறை அவள் பின்னால் நடக்க, விரால் சேற்றின்மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. அப்பா அதன்மேல் குப்புற விழுந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்.

என் இடுப்பளவு இருந்தது. செவுளில் கோத்துத் தூக்க ஒன்றும் இல்லை. அம்மா அப்பாவின் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த குருத்தோலையைப் பார்த்தாள்.

"மேரி! அது மந்திரிச்ச ஓலை!"

"பாத்தேன், தொடலயே" என்று அப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். அவர் பனியனோடு சைக்கிள் தள்ள, அவள் சட்டையில் சுற்றிய விராலைப் பிள்ளைபோல ஏந்திக்கொண்டு குவார்ட்டர்ஸ் வழியே நடந்து வந்தாள். பக்கத்து வீட்டுப் பார்வதம் அக்கா ஓடி வந்து, "யாருக்குப் பொறந்ததுடி இது?" என்றாள். சாய்ந்த செடிகளின் தக்காளியும் ஒட்டு மாங்காயும் போட்ட குழம்பு நான்கு வீடுகளுக்குப் போனது.

மறுநாள் திங்கள். ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா வலை இழுப்பதைப் பார்க்கப் போனாள். கைகள் மறுபடி முந்தானைக்குள். கடைசி இழுப்பில் ஒரு விரால் வந்தது. எங்களுடையது அதன் தம்பியாக இருக்கலாம். வாய் ஓரத்தில் அறுந்த நூலோடு ஒரு தூண்டில் முள் குத்திக்கொண்டிருந்தது.

சின்னசாமி அதைத் தூக்கிக் காட்டினான். "யம்மோவ்! பொங்கல்லர்ந்து நீ பாத்தது இதாம்மா! நேத்து நீ புடிச்சது வேற!"

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் அந்த விராலைத் தலை முதல் வால் வரை நிதானமாகப் பார்த்தாள்.

"கெழடு. குழம்புக்கு நல்லாவே இருக்காது" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, வழக்கத்தைவிட வேகமாக நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்துப் பயந்துபோனேன். நிமிர்ந்து பார்த்தால், அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.