பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதி மறந்துபோகிறது. மருமகள் விடாமல் சொன்னதால் உட்கார்ந்திருக்கிறேன். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் திருவானைக்காவலில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். அப்பாவுக்கு அரியமங்கலத்தில் இரும்புப் பட்டறையில் வேலை. அம்மா முதுகு வலியில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். சமையல், துணி, அம்மாவைக் குளிப்பாட்டுவது எல்லாம் அத்தைதான், அதாவது அப்பாவின் தங்கை. அத்தை கணக்கில் பட்டம் வாங்கியவள். பட்டம் கூடத்துச் சுவரில் தொங்கியது. அத்தை அடுப்படியில் இருந்தாள்.

பட்டறை முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தம்பி துபாயிலிருந்து வரும்போது ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். பட்டறையில் அதை எந்தப் பக்கம் தொடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பாய் அப்பாவிடம், "உங்க தங்கச்சி கணக்குப் படிச்சவங்கதானே? நீளம், அகலம், கனம் சொன்னா தகடு எத்தனை கிலோன்னு இது சொல்லணும். செஞ்சு காட்டட்டும், ஆபீஸ்ல உக்கார வெச்சிடறேன்" என்றார். விஜயதசமிக்குப் பட்டறை லீவு, அன்று காலையில் தானே வந்து பார்ப்பதாகவும் சொல்லி, அதை எங்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்.

கம்ப்யூட்டர் என்றால் இப்போது இருப்பது மாதிரி இல்லை. தட்டையாக ஒரு பெட்டி, மேலே பொத்தான்கள். எழுத்து தெரிய டிவி வேண்டும். அதுவும் பாய் வீட்டிலிருந்தே வந்தது. டிவி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுத் தெருவே ஜன்னலில் வந்து நின்றது.

"என்னாங்க இது, படமே காணோம், வெறும் எழுத்தா வருது?" என்றாள் எதிர்வீட்டு அக்கா. "இதுக்கு எங்க வீட்டு ரேடியோவே தேவலாம். பாட்டாச்சும் பாடும்."

மத்தியான வேலை முடிந்த பிறகு அத்தை அதன் முன்னால் உட்காருவாள். கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் காகிதத்தில் எழுதி, அதைப் பொத்தானில் அடிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பத்து, இருபது, முப்பது என்று ஓர் எண். எனக்கு அர்த்தம் தெரியாது, எழுத்து தெரியும். நான் ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பேன், அத்தை தட்டுவாள். ஒரு கமா விட்டுப்போனாலும் மிஷின் தப்பு என்று சொல்லிவிடும். "மறுபடி சொல்லு பாப்பா" என்பாள். குரலில் கோபம் இருக்காது. தூக்கம்தான் இருக்கும்.

அடித்ததை டேப்பில் பதிந்துவைக்க ஒரு ஒயர் உண்டாம். அது துபாயிலேயே தங்கிவிட்டது. அதனால் மிஷினை அணைத்தால் அத்தனையும் போய்விடும். சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம்தான் கணக்கு ஒழுங்காக ஓடியது. கொடுத்த அளவுக்கெல்லாம் கிலோ சொன்னது. அத்தை டிவியை மட்டும் அணைத்து, பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, மாவு ஆட்டப் போனாள்.

பட்டறைக்காரர் வீட்டில் மிஷின் என்று ஒன்று இருந்தால் பூஜைக்கு வைக்காமல் விடுவாரா? அப்பா விடியலிலேயே குளித்து, ஒயரைப் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, புத்தகங்களோடு அடுக்கிவிட்டார். அத்தையின் காகிதங்களும் அதன் அடியில் போய்விட்டன.

அத்தை தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நின்றாள்.

"அண்ணே, அணைச்சிட்டீங்களா?"

"பின்னே? ஓடுற மிஷினுக்கா பொட்டு வைப்பாங்க? அதுக்கும் ஒரு நாள் ஓய்வு வேணாமா?"

"அதுல இருந்ததெல்லாம் போச்சுண்ணே."

அப்பாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. காகிதத்தை எடுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியிலேயே நின்றது. "பூஜையில வெச்சதை இன்னிக்கு எப்படிம்மா தொடுறது? நாளைக்கு எடுத்துக்கலாம்."

"பாய் காலையிலேயே வந்துடுவாருண்ணே."

அப்பா விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனார்.

வைத்ததை மறுநாள் பூஜை முடியும்வரை தொடக் கூடாது. படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. பிள்ளைகளுக்கு வருஷத்திலேயே நல்ல நாள் அதுதான். அத்தை சுண்டல் தாளித்தாள், வடை தட்டினாள், அம்மாவுக்குத் தலை வாரினாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. விரல்கள் கரண்டிக் காம்பில் தட்டிக்கொண்டே இருந்தன. "பாவம், சரஸ்வதியை வேண்டிக்கிறா" என்றாள் அம்மா. நான் பக்கத்தில் போய்க் காது கொடுத்தேன். நாற்பது, ஐம்பது என்று வரி வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அப்பா கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் பாய் வந்துவிட்டார். அப்பா அவசரமாகக் காகிதத்தைத் தேட, "இருக்கட்டும்ணே" என்று அத்தை பெட்டியை மட்டும் எடுத்து ஒயரைச் சொருகினாள். பொத்தான்களில் சந்தனம் காய்ந்திருந்தது. எதையும் பார்க்காமல் அடித்தாள். என்னையும் வாசிக்கச் சொல்லவில்லை.

"எட்டுக்கு நாலு அடி, அஞ்சு மில்லி கனம். எங்க, சொல்லட்டும்" என்றார் பாய்.

நூற்றுப் பதினாறு கிலோ சொச்சம் என்று வந்தது.

"அட, நம்ம தராசு சொல்றதையே சொல்லுதே! திங்கக்கிழமை வந்துடுங்க தங்கச்சி."

அத்தை சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்பா தலையைச் சொறிந்தார். "அது சரி பாய். இவ வந்துட்டா வீட்டை யாரு பாக்குறது?"

சொல்லிவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். அத்தையும் பார்த்தாள், உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள். வாய் நிறையச் சுண்டலோடு நின்ற நான், எழுத்து வாசித்துக் கொடுத்த பெருமையில் எனக்கும் பங்கு தருகிறார்கள் என்று நினைத்து, பலமாகத் தலையாட்டினேன்.

"பாப்பாவே சரின்னுடுச்சு!" என்று பாய் சிரித்தார்.

எங்கள் அத்தைக்கு வேலை கிடைத்துவிட்டது என்று தெரு முழுக்க ஓடிச் சொல்லிவிட்டு வந்தேன். ஐந்தாம் வகுப்பு எனக்கு அத்தோடு முடிந்தது, அடுப்படியும் அம்மாவும் என் கைக்கு வந்தன. அத்தை சாயங்காலம் இரண்டு பஸ் மாறி வந்து விழுவாள். அதற்கு முன்பே நான் விழுந்து கிடப்பேன். ஒருவரை ஒருவர் கோபித்துக்கொள்ளக்கூட எங்களுக்குத் தெம்பு இருந்ததில்லை. எதற்குத் தலையாட்டினேன் என்பது எனக்கு விளங்க எத்தனையோ வருஷம் ஆயிற்று. அத்தைக்கு அந்த நிமிஷமே தெரிந்திருந்தது.

மிஷினின் பெயர், அந்த வருஷம் பூஜை என்ன கிழமையில் வந்தது, இதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. கேட்டுக்கொள்ள அத்தையும் இல்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.