எருக்கிலைச் சாறும் எடைக்கற்களும்

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். ஆராய்ச்சி என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எருக்கிலையைப் பறித்து, இடித்து, ஊற வைத்து, அந்த நாற்றம் பிடித்த தண்ணீரைத் தொட்டியில் வளரும் சோளப் பயிருக்கு ஊற்றுவதுதான் என் வேலை. வெறும் தண்ணீர் குடித்த பயிரைவிட இது கனமாக வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். மாலையில் பழங்காநத்தம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு மட்டும் எப்போதும் தாராளமாக இடம் கிடைத்தது.

சாறு என் கண்டுபிடிப்பல்ல, எங்கள் பேராசிரியருடையது. மேற்கே வயல்காட்டில் பிறந்து வளர்ந்தவர். எருக்கிலையைச் சேற்றில் மிதித்துவிட்டால் பயிர் செழிப்பதைக் கண்ணால் பார்த்தவர். சாறாகவே கொடுத்தால் இன்னும் செழிக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. எனக்கு முன்னால் வந்த மாணவர்கள் ஊற்றோ ஊற்றென்று ஊற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தேறாமல் பாசி ஆராய்ச்சிக்கும் காளான் ஆராய்ச்சிக்கும் ஓடிப்போனார்கள். அவருக்கு அடுத்த ஜூனில் ஓய்வு. கடைசி ஆள் நான். என்னிடமும் பலிக்கவில்லை என்றால் அவருடைய வாழ்நாள் நம்பிக்கை அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

புள்ளியியல் வகுப்பில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "எதையும் உன் இஷ்டத்துக்கு வரிசை போட்டு அளக்காதப்பா. சீட்டுக் குலுக்கி, எது வருதோ அதை அள" என்று வருஷா வருஷம் சொல்வார். ஆனால் என் பயிர்களைப் பிடுங்கிக் காயவைத்துச் சின்னச் சின்னக் கட்டுகளாகக் கட்டி வைத்ததும் மனுஷருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மொதல்ல நம்ம சாறு ஊத்துனதை எடை போட்டுரு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

"சார், சீட்டு?"

"அதெல்லாம் பாடத்துக்கு."

நிறுத்தேன். தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டாலே முள் ஆடிவிடும். எடைக்கற்களை விரலால் தொட்டால் பிசுக்கு ஏறும் என்று இடுக்கியால்தான் எடுப்போம். அந்தத் தராசுக்குக் கொடுத்த மரியாதையை நான் எந்தப் பெரிய மனிதருக்கும் கொடுத்ததில்லை.

சாறு ஊற்றிய கட்டுகள் முடிந்த சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. பூஜைப் பொறுப்பு என்னோடு ஆராய்ச்சி செய்த நண்பனுக்கு. சிம்மக்கல்லில் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. பக்திமான். மைக்ராஸ்கோப், உலர் அடுப்பு, என் சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தான். பூஜை முடிந்து பொரிகடலை தின்றோம். லீவு முடிந்து வந்து, வெறும் தண்ணீர் குடித்த கட்டுகளை நிறுத்து முடித்தேன்.

அந்தக் காலத்தில் கணக்குப் போட்டுத்தரும் கம்ப்யூட்டர் நகரத்துக்கு வெளியே இருந்தது. எண்களை அட்டைகளில் ஓட்டை போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். ஏ.சி. அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அட்டைக்கட்டை ஒப்படைக்க வேண்டும். ஒரு முற்றுப்புள்ளி இடம் மாறியிருந்தாலும் அது என்னைத் திட்டி ஒரு தாள் அனுப்பும். அந்த முறை திட்டவில்லை. சாறு குடித்த பயிரே கனம். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பே இல்லை என்று அடித்துச் சொல்லியிருந்தது.

பேராசிரியர் அந்த நீளத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். துறை முழுக்க அல்வா கொடுத்தார். கடைநிலை ஊழியர் முதல் கல்லூரி முதல்வர் வரை எருக்கிலையின் மகிமையைக் கேட்காதவர் இல்லை. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

கட்டுரையில் போடுவதற்காக ஓரிரு கட்டுகளை மறுபடி நிறுக்கச் சொன்னார். எடைக்கல்லை இடுக்கியால் தூக்கித் தட்டில் வைத்தேன். அதன் தலையிலிருந்து ஏதோ ஒன்று உதிர்ந்து வெளியே விழுந்தது. முள் நகர்ந்தது. குனிந்து பார்த்தேன். காய்ந்த சந்தனம்.

ஒவ்வொரு எடைக்கல்லின் தலையிலும் அழகான பொட்டு. நான் அவற்றைப் பார்க்காமல் இல்லை. தினமும் பார்த்துக்கொண்டுதான் நிறுத்தேன். ஆயுத பூஜை முடிந்த மதுரையில் பொட்டு இல்லாத எடைக்கல்லைப் பார்த்திருந்தால்தான் எனக்கு ஏதோ உறுத்தியிருக்கும். சந்தனத்தால் கல்லின் கனம் கூடியிருக்கிறது. அதனால் பூஜைக்குப் பிறகு நிறுத்த தண்ணீர்ப் பயிர் மட்டும் இருப்பதைவிட இளைத்துத் தெரிந்திருக்கிறது.

நண்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.

"எங்க கடையில எடைக்கல்லுக்குப் பொட்டு வைக்காம விட்டா எங்கய்யா தோலை உரிச்சுருவாரு மாப்ள. அந்தப் பழக்கத்துல வச்சிட்டேன். அம்புட்டுச் சந்தோஷமா இருக்காரே நம்ம புரொபசர். சொல்லித்தான் ஆகணுமா?"

கற்களை ஸ்பிரிட்டால் துடைத்தோம். எல்லாக் கட்டுகளையும் திரும்பக் காயவைத்து, இந்த முறை சீட்டுக் குலுக்கி, ஒன்று விடாமல் நிறுத்தோம். அவன் தன் வேலையைப் போட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மறுபடி அட்டைகள், பஸ், செருப்பு. வித்தியாசம் எதுவும் இல்லை என்று தாள் வந்தது. கம்ப்யூட்டருக்கு அல்வா கொடுத்தவரையும் தெரியாது, தின்றவரையும் தெரியாது.

புதுத் தாளோடு பேராசிரியர் அறைக்குள் போனேன். சந்தனத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நண்பன் கதவுக்கு வெளியே நின்றான். அவர் கோபப்படவில்லை. இரண்டு தாள்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"அன்னைக்குப் பூஜையில நான் என்ன கேட்டேன் தெரியுமாப்பா? இந்தத் தடவையாவது சாறு ஜெயிக்கணும்னு கேட்டேன். பாரு, சாமி ஒரு குறையும் வைக்கல. செடியைத் தொடாம, கல்லு வழியாவே முடிச்சுக் கொடுத்துருச்சு."

எனக்கும் சிரிப்பு வந்தது. "இன்னொரு போகம் போட்டுப் பாக்கலாம் சார்" என்றேன். அவருக்காகச் சொன்னேன்.

"வேணாம். செடி சொல்லிருச்சு" என்றார்.

தட்டச்சுக்குப் போகவிருந்த என் ஆய்வேட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். எருக்கிலைச் சாற்றின் பலனை நான் வர்ணித்திருந்த பத்தியை ஒரே கோட்டில் அடித்தார். அதை நான் திருத்திக் கொண்டுவரட்டும் என்று அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. பேனாவைத் திருகி மை பார்த்துவிட்டு, தன் மணிமணியான கையெழுத்தில், "இச்சாறு பயிரின் எடையைக் கூட்டுவதில்லை" என்று எழுதி என்னிடம் நீட்டினார்.