எம்.டி.யின் நிழல் விழுந்த பொங்கல் பேனர்

காக்களூரில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் நான் டிசைனராக இருந்தபோது, கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றிலிருந்து பொங்கல் பேனர் ஆர்டர் வந்தது. நீண்ட ஸ்ட்ரைக் முடிந்து, நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்து கொண்டாடும் முதல் விழா.

"எம்.டி. படம் பெருசா, ஷேடோ எஃபெக்டோட இருக்கணும்" என்றார் ஹெச்.ஆர். மேனேஜர். அப்படியே செய்தேன். பக்கத்தில் சிறிதாகத் தொழிலாளர்கள், சுற்றிலும் டிசைன் சி.டி.யில் ரெடிமேடாக இருந்த ரோஜாப் படங்கள்.

ப்ரூஃப் பார்க்க மேனேஜரோடு சங்கத் தலைவர் தேவராஜும் வந்தார். மானிட்டரில் தொழிலாளர்கள் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இன்னாம்மா இது? அவுரு நிழலு எங்க ஆளுங்க மூஞ்சி மேல உழுந்துகினு கீது. இத்த மாட்னா ஒர்த்தனும் விழாவுக்கு வரமாட்டான்."

மேனேஜர் முகம் வெளிறியது. "படத்த சின்னதாக்குனா எம்.டி. என்னைத் திட்டுவாரு."

"எல்லாரையும் ஒரே வெயில்ல நிக்க வைக்கிறேன் சார். நிழல் தரையில விழட்டும்" என்றேன்.

மேனேஜர் தலையாட்டினார். "ஆளுங்க வரலைன்னாலும் என் தலைதான் உருளும். செய்யுங்க."

மறுநாள் காலை கம்பெனி கேட்டுக்குப் போய், ஷிப்டுக்கு வந்தவர்களை வெயிலில் நிறுத்திப் படம் எடுத்தேன். வேலியோரம் பூத்திருந்த ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் அதே வெயிலில் எடுத்துக்கொண்டேன். ரோஜாக்களை நீக்கிவிட்டேன். எம்.டி.யின் ஸ்டுடியோ படத்தில் மட்டும் வெளிச்சம் எதிர்ப்பக்கம். அதை இடம் வலமாகத் திருப்பி ஃப்ளிப் செய்ததும் சட்டைப் பாக்கெட் வலப்பக்கம் போய்விட்டது. பாக்கெட்டை அழித்து இடப்பக்கம் ஒட்டினேன். எல்லோருக்கும் ஒரே உயரம். பூக்களின் நிழல் சாய்ந்த பக்கமே ஆட்களின் நிழலும் சாய்ந்தது.

விழாவுக்கு எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். எம்.டி. மேடை ஏறாமல் பேனர் முன்னால் நின்றுவிட்டார். மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் வகிடு எப்ப இந்தப் பக்கம் மாறுச்சு?" என்றார் எம்.டி.

ஃப்ளிப் செய்தபோது வகிடும் பக்கம் மாறியதை நான் கவனிக்கவே இல்லை.

தேவராஜ்தான் சொன்னார்: "எங்க பக்கமா வாரிக்கினீங்க போல சார்."

எம்.டி. சிரித்துவிட்டார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஸ்ட்ரைக்குக்குப் பிறகு இரண்டு தரப்பும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் என்று தேவராஜ் பின்னால் சொன்னார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எஃபெக்ட் போடும் முன், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழல் யார் மேல் விழுகிறது என்று பாருங்கள்.