அந்தத் துப்பாக்கி என்னுடையது

துப்பாக்கி என்னுடையது. அதற்காகச் சிறையில் இருப்பவன் செந்தில், என் மனைவியின் தம்பி.

சொல்லிவிட்டேன்... உங்களிடம் சொல்ல முடிகிறது. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை அல்லவா! தெரியாதவரிடம் வழி கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவன் நான்.

பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது. மனைவி மல்லிகா நர்ஸ். அவளுக்குக் கிடைத்த கிரீன் கார்டில் ஒட்டிக்கொண்டு அமெரிக்கா வந்தேன். டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில், ஒரு இந்திய மளிகைக் கடையில் வேலை. பக்கத்துக் கடையில் ஒருநாள் கொள்ளை நடந்தது. அதன் பிறகு கடையைப் பூட்டும்போதெல்லாம் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். உடன் வேலை செய்த ஒருவன் தன் துப்பாக்கியை விற்றான். பார்க்கிங்கில் நின்று பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டேன். கையெழுத்து இல்லை, பதிவு இல்லை. அங்கே தனி ஆட்கள் அப்படி விற்கலாம்.

பார்வைக்கு ராணுவ ரைபிள்தான். குழல் மட்டும் குட்டை. பின்னால் தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டைக்குப் பதிலாக, முன்கையில் மாட்டும் ஒரு பட்டை. அதனால் சட்டம் அதை பிஸ்டல் என்கிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதன் குண்டு எங்கள் அபார்ட்மென்ட் சுவரைத் துளைத்து, பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும் அறைக்குள் போகும் என்பதையே வாங்கிய பிறகுதான் யோசித்தேன். ஒருமுறைகூடச் சுடவில்லை. மல்லிகாவிடம் சொல்லவும் இல்லை.

பிறகு மல்லிகாவுக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்தது. வீடு அமையும்வரை எடிசனில் செந்தில் வீட்டில் தங்கினோம். ஒரு பையில், பழைய துணிகளுக்கு நடுவே சுற்றி, அதையும் காரில் கொண்டுவந்தேன். ஏன் கொண்டுவந்தேன்? அங்கேயே விற்றுத் தொலைத்திருக்கலாமே!

வந்த வாரமே ஃபோனில் படித்துத் தெரிந்துகொண்டேன். டெக்சாஸில் பிஸ்டலாக இருந்தது இங்கே தடை செய்யப்பட்ட ஆயுதம். லைசென்ஸ் கேட்டாலும் தரமாட்டார்கள். வைத்திருந்தாலே சிறை. ஒரு வக்கீலைப் பார்த்திருந்தால் ஒப்படைக்க வழி சொல்லியிருப்பார். நானோ பையை பேஸ்மென்டில் ஹீட்டருக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. மல்லிகா டியூட்டிக்குப் போயிருந்தாள். செந்திலின் மனைவி கவிதா மேலே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். பூஜையில் வைக்க ஸ்பேனர் பெட்டியைத் தேடி பேஸ்மென்டுக்கு வந்த செந்தில் அந்தப் பையைத் திறந்துவிட்டான்.

“அத்தான்! என்னது இது? மளிகைக் கடைன்னு சொல்லிட்டு மிலிட்டரில சேந்துட்டீங்களா?”

“பிஸ்டல்தான் மாப்ள. டெக்சாஸ்ல வாங்கினது.”

“இங்க வச்சிக்கலாமா? நான் விசால இருக்கேன், வம்பாயிடப் போவுது.”

“எல்லாம் லீகல்தான்.”

எல்லாம் லீகல்தான்! என் வாய்தான் சொன்னது.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. “இத்தனை வருஷமா லேப்டாப்புக்கும் கத்திரிக்கோலுக்கும் பொட்டு வச்சேன். இன்னிக்குத்தான் அத்தான் நெஜ ஆயுதம் சிக்கியிருக்கு!”

ஊரில் மெஷினைத் துடைப்பது போல ஈரத்துணியால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துடைத்தான். நான் தொட்ட தடமெல்லாம் அதோடு போயிற்று. சந்தனம் பூசினான், குங்குமம் வைத்தான். தூக்கிப் பிடித்து ஒரு செல்ஃபி எடுத்து, நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். யாரோ திட்டியதும் அழித்துவிட்டான். அதற்குள் படம் கைமாறிவிட்டது.

மறுநாள் போலீஸ் வந்தது. குங்குமப் பொட்டோடு அதை எடுத்தார்கள். அது தன் அக்கா கணவருடையது என்று செந்தில் ஆங்கிலத்தில் சொன்னான். அதிகாரி என் பக்கம் திரும்பி, உன்னுடையதா என்று கேட்டார்.

“நோ” என்றேன்.

செந்திலுக்குக் கோபம் வரவில்லை. எனக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்துவிட்டான், பாவி! மெதுவாகத் தமிழில் சொன்னான்.

“அத்தான், துப்பாக்கி உங்களுதான்னு கேக்குறாங்க.”

நான் மறுபடியும் இல்லையென்று தலையாட்டினேன். செந்திலுக்கு விலங்கு மாட்டிக் கூட்டிப்போனார்கள்.

கிரீன் கார்டு போய்விடும் என்ற பயமா? மல்லிகா போய்விடுவாள் என்றா? காரணங்களையெல்லாம் அப்புறம்தான் தேடினேன்... அந்த நொடியில் இருந்தது வெறும் பயம்.

மருத்துவமனையிலிருந்து ஓடிவந்த மல்லிகா, “என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க, உங்களுதா?” என்று கேட்டாள். பார்த்துத்தான் சொன்னேன், இல்லையென்று. நம்பினாள்! தப்பிப்பதற்காகத் தம்பி தன் புருஷன் மேல் பழி போடுகிறான் என்று அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். வாடகை வீட்டுக்கு மாறினோம். கவிதா ஒரே ஒருமுறை ஃபோன் செய்தாள். “அண்ணா, சோறுதான் திங்கிறீங்களா?” என்று கேட்டு வைத்துவிட்டாள்.

குற்றத்தை ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும் என்று வக்கீல் சொன்னார். செய்யாததை ஒத்துக்கொண்டான் செந்தில். தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்களாம். உண்மையான சொந்தக்காரன் முன்வந்தால் இப்போதும் கோர்ட்டில் முறையிடலாம் என்று அந்த வக்கீல் சொன்னாராம். அவன் எங்கே போய்விட்டான்? இதோ, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறான்...

போன ஞாயிற்றுக்கிழமை சிறையிலிருந்து ஃபோன் வந்தது. இந்தப் பேச்சு பதிவு செய்யப்படுகிறது என்று முதலில் ஒரு இயந்திரக் குரல் சொன்னது. பிறகு அவன்.

“அத்தான், எனக்காக நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். அக்காகிட்ட மட்டும் உண்மையச் சொல்லிடுங்க. அவ என்னப் பொய்யன்னு நெனச்சிட்டிருக்கா.”

பதிவாகிறது... நான் எதைச் சொன்னாலும் பதிவாகும்.

“சாப்டியா மாப்ள?” என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் யார் யாரோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு இணைப்பு அறுந்தது.

மல்லிகா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். “யாருங்க?” என்றாள்.

“ராங் நம்பர்” என்றேன்.